மறைக்குள் மறை: 'தி ஒமேகா கோட்' திரைப்படம் குறித்து ஒரு திறனாய்வு

தமிழில் 'மறை' என்னும் சொல் இரு பொருள் தருவது. திருநூலுக்கும் அது பெயர். ஒளித்தல் என்னும் வினைக்கும் அதுவே அடி. இவ்விரு பொருளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் என்ன விளையும் என்பதைக் காண விரும்புவோர், 1999-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'தி ஒமேகா கோட்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்க்கலாம். கலைச் சிறப்புக்காக அதனைப் பார்க்குமாறு எவருக்கும் நாம் பரிந்துரைக்கவில்லை. அவ்வகையில் அது மிக எளிய படைப்பு. ஆயினும் அப்படம் பெற்ற வரவேற்பும், அதன் அடியில் கிடக்கும் வாசிப்பு முறையும், நூல்களை எவ்வாறு படிப்பது என்பதைக் கற்பிக்கும் தொழிலில் இருப்போர் எளிதில் ஒதுக்கிவிடக் கூடியன அல்ல.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவின் எபிரேய எழுத்துகளுக்கு இடையே வருங்கால நிகழ்ச்சிகள் யாவும் குறியீடாகப் புதைந்துள்ளன என்றும், கணினியின் துணையால் அவற்றை வெளிக்கொணரலாம் என்றும் கண்ட அறிஞர் ஒருவர் எருசலேமில் கொலை செய்யப்படுகிறார். அவர் கண்ட திறவுகோல் ஸ்டோன் அலெக்சாண்டர் என்னும் பெருஞ்செல்வரின் கைக்குச் செல்கிறது. ஊடகத்துறையின் அரசராகவும், உலகின் பசியைப் போக்க வந்த வள்ளலாகவும் மக்கள் போற்றும் அவர், உண்மையில் அந்திக்கிறிஸ்து. கில்லன் லேன் என்னும் புகழ்பெற்ற மேடைப் பேச்சாளர், புராணங்களையும் சமயங்களையும் கற்றவர், ஆனால் எதனையும் நம்பாதவர், அவரிடம் பணிக்குச் சேர்ந்து மெல்ல மெல்ல உண்மையை உணர்கிறார். எருசலேமில் பழைய ஆலயம் மீண்டும் எழுகிறது. இரு தீர்க்கதரிசிகள் தோன்றுகின்றனர். சுடப்பட்டு மாண்ட அலெக்சாண்டர் சாத்தானின் ஆற்றலால் உயிர்த்தெழுகிறார். இறுதியில் தெய்வ ஒளி வந்து அனைத்தையும் முடித்து வைக்கிறது.

இயக்கியவர் ராப் மார்க்கரெல்லி. லேனாக நடித்தவர் காஸ்பர் வான் டீன். அலெக்சாண்டராக வருபவர் ஆங்கிலேய நடிகர் மைக்கேல் யார்க். இவரே 1977-இல் செஃபிரெல்லி இயக்கிய 'ஜீசஸ் ஆஃப் நாசரெத்' தொடரில் திருமுழுக்கு யோவானாக நடித்தவர். மீட்பருக்கு வழி செம்மை செய்ய வந்தவராக நின்ற அதே முகம், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீட்பரின் பகைவனாக வருகிறது. இதனை எண்ணித்தான் இவரைத் தெரிந்தெடுத்தனரா என்பது வேறு. ஆனால் படத்தில் சற்றேனும் உயிர் உள்ள இடங்கள் யார்க் வாய் திறக்கும் இடங்களே. தீமையைக் குரலின் இனிமையில் வைக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, படம் எதன்மேல் எழுந்ததோ அந்தக் குறியீட்டுக் கொள்கையைச் சற்று விரிவாக நோக்குவோம். ஒரு நூலின் எழுத்துகளை இடைவெளியின்றி வரிசையாக நிறுத்தி, ஐந்தெழுத்துக்கு ஒன்று, ஐம்பதெழுத்துக்கு ஒன்று, ஐயாயிரம் எழுத்துக்கு ஒன்று எனச் சம இடைவெளியில் எடுத்துக் கோத்தால் புதிய சொற்கள் பிறக்கும் என்பது அக்கொள்கை. விட்ஸ்டம், ரிப்ஸ், ரோசன்பெர்க் என்னும் இஸ்ரேலியர் மூவர், புகழ்பெற்ற யூத ரபிகளின் பெயர்களும் அவர்கள் பிறந்த அல்லது இறந்த நாள்களும் ஆதியாகம எழுத்துகளில் தற்செயலுக்கு விஞ்சிய அளவில் அருகருகே அமைந்துள்ளன என்று 1994-இல் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயன்ஸ்' என்னும் புள்ளியியல் இதழில் எழுதினர். இதழாசிரியர் அதனை நிறுவப்பட்ட உண்மையாக அன்று, விடுவிக்க வேண்டிய புதிராகவே வெளியிட்டார். 1997-இல் மைக்கேல் டிராஸ்னின் என்னும் செய்தியாளர் 'தி பைபிள் கோட்' என்னும் நூலை எழுதி, இஸ்ரேலியத் தலைமை அமைச்சர் ராபின் 1995-இல் கொல்லப்பட்டது வரையில் எல்லாம் தோராவில் உள்ளது என்றார். நூல் பெரிதும் விற்றது. ரிப்ஸ் என்னும் கணித அறிஞரே டிராஸ்னினின் முடிவுகளுக்குத் தாம் பொறுப்பல்லர் என வெளிப்படையாக விலகி நின்றார் என்பதை வாங்கியவர்களுள் எத்துணைப் பேர் அறிந்திருப்பர்!

மறுப்பும் வந்தது. 'மோபி டிக்' நாவலில் ஒரு தலைமை அமைச்சரின் கொலையைக் கண்டு காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன் என்னும் பொருள்பட டிராஸ்னின் அறைகூவல் விடுத்தார். ஆஸ்திரேலிய நாட்டுக் கணினி அறிஞர் பிரெண்டன் மெக்கே அதனை ஏற்று, ஹெர்மன் மெல்வில் 1851-இல் எழுதிய அத்திமிங்கிலக் கதையில் இந்திரா காந்தி, ட்ராட்ஸ்கி, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் கொலைகளை அதே முறையால் எடுத்துக் காட்டினார். ராபினின் கொலையும் அங்கேயே கிடைத்தது. பின்னர் அவரும் பார்-நாத்தான், பார்-ஹில்லெல், கலாய் ஆகியோரும் சேர்ந்து அதே புள்ளியியல் இதழில் முந்தைய ஆய்வின் அடித்தளத்தைத் தகர்த்தனர். ரபிகளின் பெயர்களை எவ்வாறு எழுதுவது, எந்தப் பட்டப்பெயரைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பதில் இருந்த நெகிழ்ச்சியே விளைவைத் தந்தது என்பது அவர்கள் காட்டிய உண்மை. அக்கட்டுரை வெளியான ஆண்டு 1999. படம் வெளியான ஆண்டும் அதுவே. திரையரங்கில் கூட்டம் இருந்தது. புள்ளியியல் இதழைத் தேடிச் செல்லக் கூட்டம் ஏது?

எபிரேய நூலில் இவ்வித்தை ஏன் இத்துணை எளிதாகப் பலிக்கிறது என்பதைத் தமிழ் மாணவர்க்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழைய எபிரேய எழுத்துமுறை பெரும்பாலும் மெய்களை மட்டுமே எழுதுவது. உயிரைப் படிப்பவர் தாமே ஏற்றிக்கொள்ள வேண்டும். தமிழையும் அவ்வாறு எழுதுவதாகக் கொள்க. க், ட், ல் என்னும் மூன்று மெய்கள் கிடைத்தால் அது கடலா, குடலா, கூடலா, கோடலா? நான்குமே சொற்கள். பாண்டியன் தலைநகரைத் தேடுபவர் கூடலைக் காண்பார். மருத்துவர் குடலைக் காண்பார். கப்பல் கவிழ்ந்த செய்தியோடு வருபவர் கடலைக் காண்பார். தோராவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. எத்தனை எழுத்து தாண்டுவது என்பதும், முன்னோக்கியா பின்னோக்கியா என்பதும் தேடுபவர் விருப்பம். இந்நிலையில் தேடியது கிடைக்காமற் போனால்தான் வியப்பு.

எழுத்துக்குள் எழுத்தை ஒளிக்கும் கலை நமக்குப் புதியதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவி வகைகளுள் காதைகரப்பு, கரந்துறை செய்யுள், கூடசதுக்கம் என்பன உள. காதைகரப்பு, ஒரு செய்யுளின் ஈற்றிலிருந்து ஓரெழுத்து இடையிட்டுப் படிக்க மற்றொரு செய்யுள் வெளிப்படுமாறு பாடுவது. சம இடைவெளி எழுத்து முறையேதான். கூடசதுக்கத்தில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்றடியுள்ளும் மறைந்து நிற்கும். இவற்றை மிறைக்கவி என்று தள்ளினோரும் உளர், அது கிடக்க. இங்கே கருத வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. காதைகரப்பில் விதி முதலில் உள்ளது. பாட்டு பின்னர் வருகிறது. எத்தனை எழுத்து தாண்ட வேண்டும் என்பதைப் படிப்பவன் தன் விருப்பம்போல் மாற்ற இயலாது. வெளிப்படுவதும் உதிரிச் சொல் அன்று. யாப்பமைந்த முழுச் செய்யுள். ஒளித்தவன் புலவன், கண்டெடுப்பவன் மாணாக்கன், இருவர்க்கும் பொதுவான ஓர் இலக்கணம் நடுவில் நிற்கிறது. டிராஸ்னினின் முறையில் இலக்கணம் இல்லை. கண்டெடுத்தவரே ஒளித்தவரும் ஆகிறார்.

நம்மிடையேயும் இந்நோய் இல்லை என்று சொல்வதற்கில்லை. பழம்பாடல் ஒன்றில் 'அணு' என்னும் சொல் வந்த அளவிலே அணுவியல் முழுவதையும் நம் முன்னோர் கண்டுவிட்டனர் என்று முழங்கும் மேடைகளை நாம் அறிவோம். கைதட்டலும் பெரிது. அங்கும் நிகழ்வது இதுவே: நூல் சொல்வதைக் கேட்கப் பொறுமையற்றவர், நூலின் வாயில் தம் சொல்லை வைக்கின்றனர்.

படம் தன்னைச் சமயப் படம் என்று கூறிக்கொள்வதால், அது போற்றும் திருநூலைக் கொண்டே அதனை நோக்குவதும் முறை. தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், முடிவுகாலம் வரையில் நூலை முத்திரையிட்டு வைக்குமாறு கட்டளை உண்டு. குறியீட்டாளர் யாவர்க்கும் அதுவே பற்றுக்கோடு. ஆனால் முடிவுகாலத்தைப் பற்றியே பேசும் புதிய ஏற்பாட்டின் இறுதி நூலோ, தன் கடைசி அதிகாரத்தில் இந்நூலை முத்திரையிட வேண்டாம் என்று யோவானுக்குக் கூறப்பட்டதாகச் சொல்கிறது. அந்நூலின் கிரேக்கப் பெயருக்கே திரை நீக்குதல் என்பது பொருள். தமிழ்க் கிறித்தவர் அதனை 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும் 'திருவெளிப்பாடு' என்றும் வழங்குவது எத்துணைப் பொருத்தம்! வெளிப்பட்டதை மீண்டும் பூட்டி, அப்பூட்டுக்குக் கணினியில் திறவுகோல் தேடுகிறது இப்படம். தலைப்பும் அந்நூலிலிருந்தே வந்தது. இறைவனை அல்பாவும் ஓமெகாவும் என்று, தொடக்கமும் முடிவுமாக அந்நூல் போற்றும். படம் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டது.

தீர்க்கதரிசனம் என்பதை வருங்கால நாட்குறிப்பாகக் கொள்வது திருச்சபை முழுவதின் கொள்கையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த காலப்பகுப்புக் கொள்கை, 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புரை விவிலியத்தால் அமெரிக்காவில் வேரூன்றியது. ஹால் லிண்ட்சே 1970-இல் எழுதிய 'தி லேட், கிரேட் பிளானட் எர்த்' அதனை எளிய மக்களிடம் கொண்டு சென்றது. இஸ்ரேல் அமைந்த 1948-இலிருந்து ஒரு தலைமுறைக்குள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்குள், முடிவு வரக்கூடும் என அந்நூல் குறிப்புக் காட்டியது. 1988 வந்தது, போயிற்று. அவரே பதினோராண்டு கழித்து இப்படத்திற்குத் தீர்க்கதரிசன ஆலோசகராக அமர்ந்தார். பண்டைய தீர்க்கதரிசிகளோ பெரும்பாலும் தம் காலத்து அரசரையும் வணிகரையும் நோக்கி, ஏழைகளை வஞ்சிக்காதீர் என்று முகத்துக்கு நேரே இடித்துரைத்தவர்கள். ஆமோஸ் பேசியதில் மறைபொருள் இல்லை. கேட்டவர்க்கு நன்றாகவே புரிந்தது. அதனாலேயே அவரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கலை நோக்கில் படம் சறுக்குவதும் இங்கேதான். பரபரப்புக் கதைக்கு வேண்டியது ஐயம்: அடுத்து என்ன நிகழும் என்னும் ஐயம். எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது இப்படத்தின் கொள்கை. எழுதியபடியே எல்லாம் நிகழ்கின்றன. லேன் ஓடுகிறார், ஒளிகிறார், சுடப்படுகிறார். அவர் ஓடாவிட்டாலும் அதுவே நிகழ்ந்திருக்கும். நாயகனின் செயலுக்குப் பயனில்லாத இடத்தில் அச்சத்திற்கும் இடமில்லை.

முன்னறிவிப்பைக் கொண்டு கதை செய்ய இயலாது என்பதன்று நம் கருத்து. சிலப்பதிகாரத்தை நோக்குக. அரியணை இளையவனுக்கு உரியது என்று நிமித்திகன் கூறுகிறான். தமையன் முகம் வாடியதைக் கண்ட இளங்கோ அக்கணமே துறவு பூணுகிறார். முன்னறிவிப்பு அங்கே ஒரு மனிதனின் உள்ளத்தைச் சோதிக்கும் உரைகல்லாகிறது. சொன்னது பொய்த்தது, மனிதன் உயர்ந்தான். மதுரை தீயால் அழியும் என்னும் பழைய உரையோ, தீ மூண்ட பின்னரே மதுராபதித் தெய்வத்தின் வாயால் வெளிப்படுகிறது. முதற் காண்டத்திலேயே அதனைச் சொல்லிப் பரபரப்பு ஊட்டியிருக்கலாம். அடிகள் அவ்வாறு செய்யவில்லை. கண்ணகி சிலம்பை உடைக்கும்பொழுது அவள் நெஞ்சின் நீதியையே நாம் காண்கிறோமன்றி, எவரோ எழுதிவைத்த ஏட்டின் வரியை அன்று. ஒமேகா படத்தில் வரும் தொலைக்காட்சிப் பெண்மணிக்கு கசாண்ட்ரா என்று பெயர். உண்மையை முன்னுரைத்தும் எவராலும் நம்பப்படாத கிரேக்கக் கன்னியின் பெயர் அது. அத்துயரத்தின் ஒரு துளியேனும் படத்தில் இறங்கியிருந்தால்! பெயர் மட்டும் இருக்கிறது.

இத்தகைய படத்தைத் திறனாய்வாளர் ஏறத்தாழ ஒருமுகமாகக் கண்டித்தனர். ஆயினும் வெளியான வார இறுதியில் 305 திரையரங்குகளில் மட்டுமே ஓடி, ஏறத்தாழ 2.35 மில்லியன் டாலர் ஈட்டி, அமெரிக்காவின் முதற் பத்துப் படங்களுள் அது இடம்பெற்றது. அரங்கொன்றுக்கு ஏறத்தாழ 7,700 டாலர். அதே நாளில் வெளியாகி முதலிடம் பெற்ற 'ஃபைட் கிளப்', ஏறத்தாழ 2,000 அரங்குகளில் ஓடியும், அரங்கொன்றுக்கு அவ்வளவு ஈட்டவில்லை. எட்டு மில்லியனுக்கு உட்பட்ட செலவில் எடுத்த படம் முடிவில் 12 மில்லியனுக்கு மேல் பெற்றது. பெருநிறுவனங்கள் திகைத்தன.

திகைப்பதற்கு ஒன்றுமில்லை. படத்தின் பின்னால் நின்றது பால் கிரௌச் 1973-இல் நிறுவிய டிரினிட்டி ஒளிபரப்பு நிறுவனம்; தயாரித்தவர் அவர் மகன் மேத்யூ கிரௌச். நாள்தோறும் வீட்டினுள் நுழையும் தொலைக்காட்சி, படத்தைப் பார்ப்பது விசுவாசிகளின் கடமை போலப் பேசியது. சபைகள் கூட்டமாக நுழைவுச்சீட்டு வாங்கின. முதல் வார இறுதியில் திரண்டு சென்றால் ஹாலிவுட் நம்மைக் கவனிக்கும் என்பது முழக்கம். அங்கே நுழைவுச்சீட்டு வாக்குச்சீட்டாகிவிட்டது. வாக்களிக்கச் செல்பவர் பெட்டியின் அழகைப் பார்ப்பதில்லை அல்லவா?

அம்மக்களை எள்ளி நகையாடுவது எளிது. அன்றைய நாளேட்டு விமர்சகர் பலர் செய்ததும் அதுவே. நமக்கு அதில் உடன்பாடில்லை. தங்கள் நம்பிக்கையைக் கேலிப்பொருளாகவே திரையில் கண்டு வந்த ஒரு மக்கள், ஒருநாளேனும் அது பெருமையோடு காட்டப்படுவதைக் காண விரும்பினர். அவ்விருப்பம் நேர்மையானது. தமிழ்ப் படம் ஒன்று நம் ஊர் அரங்குக்கு வந்தாலே போதும் என்று குடும்பத்தோடு சென்ற தலைமுறையினர்க்கு அது புரியும். ஆனால் அவ்விருப்பத்திற்குக் கிடைத்த விடை எத்தகையது என்று கேட்பது திறனாய்வின் கடமை. பசித்தவனுக்குக் கிடைத்தது சோறா உமியா என்று கேட்பது, பசியை இகழ்வதாகாது. கிறித்தவ அறிஞர்களிலேயே பலர், எழுத்தெண்ணும் வித்தையால் நற்செய்தி பின்னுக்குத் தள்ளப்படுகிறது என வருந்தியதுண்டு.

வழி மட்டும் பிழைக்கவில்லை. 2004-இல் மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' சபைகளை நாடிய அதே வழியில் சென்று, அமெரிக்காவில் மட்டும் 370 மில்லியன் டாலரை எட்டியது. மலேசியாவில் அப்படம் கிறித்தவர்க்கு மட்டும் என்னும் கட்டுப்பாட்டோடு, சபைகளின் வழியாக நுழைவுச்சீட்டு வழங்கித் திரையிடப்பட்டதை இங்குள்ளோர் நினைவுகூர்வர். அது வேறு வகைப் படம். அங்கே ஒளித்து வைக்கப்பட்டது எதுவுமில்லை. எல்லோரும் அறிந்த பாடு அது.

இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் உரோமரால் அழிக்கப்பட்டது. அது நின்றதாகக் கருதப்படும் மேட்டில், ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடமும் அல்-அக்சா பள்ளிவாசலும் இன்று நிற்கின்றன. ஆலயம் மீண்டும் எழுந்தால்தான் கணக்கு முடியும் என்று ஒரு படம் கூறும்போது, அங்கே இருப்பவை என்னாக வேண்டும் என்னும் வினா தானே எழும். திரையில் அது ஒரு திருப்பம். 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் அது திருப்பமாக இல்லை. தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றத் தன்னைக் கடவுள் தெரிந்துகொண்டதாக நம்பிய ஆஸ்திரேலியர் ஒருவர் அன்று அல்-அக்சாவுக்குத் தீ வைத்தார். சலாகுத்தீன் காலத்தோடு தொடர்புடைய பழம்பெரும் மரப் பிரசங்க மேடை எரிந்து போயிற்று. மன்றம் அவரை மனநோயாளி என்று தீர்த்தது. அத்தீயின் விளைவாக அடுத்த மாதமே மொரோக்கோவின் ராபாத்தில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினர். அதிலிருந்து பிறந்த இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதற் பொதுச்செயலாளராக அமர்ந்தவர் நம் துங்கு அப்துல் ரகுமான். எருசலேமில் எரிந்த தீ கோலாலம்பூரின் வரலாற்றிலும் ஒரு பக்கத்தை எழுதியிருக்கிறது.

இவ்வளவும் நிகழ்ந்து முப்பதாண்டுக்குப் பின் எடுத்த படம், அம்மேட்டை வெறும் ஆட்டக்களமாகவே காண்கிறது. அங்கே தொழும் முஸ்லிம்களுக்குக் கதையில் முகமில்லை. யூதர்க்கும் தம் வாழ்வு என்று ஒன்றில்லை. கடிகாரத்தின் முட்களாகவே வருகின்றனர். தோராவின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிப் பார்த்தவர்கள், அதன் மூன்றாம் நூலில் அயலானை நேசிக்கும்படி எழுத்து தாண்டாமலே படிக்கக் கிடைக்கும் கட்டளைக்கு வரும்போது எண்ணுவதை நிறுத்திக்கொண்டனர் போலும்.

இரண்டாம் பாகமாகிய 'மெகிடோ' 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் வெளியிடப்பட்டது. நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்து பத்து நாளே ஆகியிருந்தது. செலவு முதற் படத்தினும் பன்மடங்கு; வரவு அமெரிக்காவில் ஏறத்தாழ 6 மில்லியன் டாலர். மைக்கேல் யார்க் மீண்டும் வந்தார். அலெக்சாண்டரின் இளமை முதல் இறுதிப் போர் வரை கதை நீண்டது. எழுத்தெண்ணும் குறியீட்டுக்கு மட்டும் அதில் இடம் ஏறத்தாழ இல்லாமற் போயிற்று; தலைப்பின் வாலில் ஒட்டிக்கொண்டதோடு சரி.